மணிக்கட்டின் எட்டு எலும்புகள்

பிரெஞ்சுத் தலைநகரில் தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பலில் நான் சமையல் வேலை செய்த உணவகத்தில் வெங்காயமும் அரிசியும் நிலவறையில் இருக்கும். ஒரு காலை, வெங்காய மூட்டையோடு படியேறும்போது கால் சறுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தேன். எனக்குப் பின்னால் எண்ணெய் வாளியோடு வந்த தம்பிதான் தூக்கிவிட்டான். கூடப் பிறந்தவன் அல்ல. வன்னியில் இருந்து வந்து வேலை தேடி அலைந்தவனை நான்தான் அந்தச் சமையலறையில் சேர்த்துவிட்டேன். ஆறு வருடம் ஒரே அடுப்படியில் நின்றோம். என் மகளுக்கு அவன் சித்தப்பா.

“அண்ணை, கையை ஆட்டாதேங்கோ” என்று தன் கழுத்துத்துண்டால் கட்டி, ஆஸ்பத்திரிக்கும் அவனே கூட்டிப்போனான். “விபத்துப் பேப்பர் எல்லாம் நான் பாக்கிறன், நீர் ஓய்வா இரும்” என்றார் முதலாளி.

கட்டுப் போட்ட கையோடு எபினேயில் எங்கள் வீட்டில் இருந்த நாட்களில், ஒன்பது வயது மகளுக்குப் பள்ளியில் எலும்புக்கூட்டைப் பற்றிப் பேசும்படி சொல்லியிருந்தார்கள். என் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவைத்தோம். மணிக்கட்டில் மட்டும் எட்டுச் சின்ன எலும்புகள். கட்டைவிரலின் அடியில் முந்திரிப்பருப்புப் போல ஒன்று. அதில்தான் எனக்கு மெல்லிய கோடாக வெடிப்பு.

“எலும்பு செத்த சாமான்தானே, எப்படி ஒட்டும்?” என்று அவள் பிரெஞ்சில் கேட்டாள்.

“சாகேல்லை. அதுக்கும் ரத்தம் ஓடுது, அதுவும் வளருது. நீ பிறக்கேக்கை உனக்கு முந்நூறு எலும்புக்குக் கிட்ட இருந்தது. வளர வளர ஒண்டோடை ஒண்டு சேர்ந்து, பெரியாளாகேக்கை இருநூற்றாறுதான் மிஞ்சும்.”

அவள் என்னைக் கள்ளன் போலப் பார்த்தாள். பிறகு புத்தகத்தைத் திறந்து, நான் சொன்னது சரியா என்று தேடினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி திராட்சையோடு வந்தான். தரையில் உட்கார்ந்து அவளுக்கு அட்டையில் ஒரு எலும்புக்கூடு வெட்டிக் கொடுத்தான். விலா எலும்புகளைக் கூடைபோல வளைத்து, உள்ளே இதயமும் நுரையீரலும் பத்திரமாக இருக்கும் என்றான். முழங்கையை நூலால் கட்டி, “இது கதவுப் பிணைச்சல் மாதிரி, ஒரு பக்கந்தான் மடங்கும். தோள் அப்படியில்லை, கிண்ணத்துக்குள்ளை பந்து. அதுதான் சுத்திச் சுழலுது” என்றான். எலும்பு தானாக அசையாது, தசை இழுக்கவேண்டும் என்று நான் சொல்ல, இரண்டு நூலை முன்னும் பின்னும் கட்டி இழுத்துக் காட்டினான். மகள் கைதட்டினாள்.

“அப்பா எப்படி விழுந்தவர்?” என்று அவனிடம் கேட்டாள்.

“படி ஈரமாக் கிடந்தது” என்றான், கத்தரிக்கோலில் இருந்து கண்ணை எடுக்காமல்.

பத்து நாள் கழித்துக் காப்புறுதி அலுவலகத்தில் இருந்து கடிதம் வந்தது. வேலையிடத்தில் விபத்து எதுவும் நடக்கவில்லை என்று முதலாளி எழுதியிருக்கிறார். அப்படியானால் எனக்கு இழப்பீடு கிடையாது. கூடவே ஒரு சாட்சிக் கடிதம். நான் அன்று காலையில் வரும்போதே கைநோவோடு வந்தேன், நான் விழுந்ததைத் தான் காணவில்லை என்று அதில் இருந்தது. கீழே தம்பியின் கையெழுத்து. திகதியைப் பார்த்தேன். அந்த ஞாயிறுக்கு முந்தின வியாழன்.

திகதியைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் திராட்சை வாங்கியிருக்கிறான்.

அடுத்த நாள் மத்தியானப் பந்தி முடியும் நேரம் போய், உணவகத்தின் பின்வாசலில் நின்றேன். குப்பைப் பையோடு வெளியே வந்தவன் என்னைக் கண்டதும் பையைக் கீழே வைத்தான்.

“அண்ணை, என்ரை விசாக் கார்ட் புதுப்பிக்கவேணும். வேலைக் கடிதம் முதலாளிதான் தரவேணும். எனக்கு வேறை வழி தெரியேல்லை.”

“அதை என்னட்டைச் சொல்லியிருக்கலாமே. ஞாயிற்றுக்கிழமை ஏன் வந்தனீ?”

“உங்களைப் பாக்காமல் இருக்க ஏலாமல் போச்சு.”

அதைக் கேட்டபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. பயத்தில் எழுதியதைக்கூட என்னால் விளங்கிக்கொள்ள முடிந்தது. என் பிள்ளையின் முன்னால் உட்கார்ந்து நூல் கட்டியதை இன்றைக்கும் விளங்கிக்கொள்ள முடியவில்லை. மெட்ரோவுக்கு நடந்தேன்.

விழுந்த அன்றைக்கே ஆஸ்பத்திரியில் மருத்துவர் எழுதிய குறிப்பில், வேலையிடத்துப் படியில் விழுந்ததாக இருந்தது. அது என்னைக் காப்பாற்றியது. மாதக்கணக்கில் கடிதம் எழுதிய பிறகு வேலை விபத்து என்று ஏற்றுக்கொண்டார்கள். ரத்த ஓட்டம் குறைந்த எலும்பு என்பதால் பொருந்தவும் அவ்வளவு காலம் எடுத்தது. கட்டைவிரல் இப்போதும் முழுதாக மடங்காது. நான் ஒபர்வில்லியேயில் ஒரு மொத்த விற்பனைக் கடைக்கு மாறிவிட்டேன். அவனுக்குக் கார்ட் கிடைத்ததாகக் கேள்வி.

“சித்தப்பா ஏன் இப்ப வாறேல்லை?” என்று மகள் சில வேளை கேட்பாள்.

“அவருக்கு வேலை கூடிப்போச்சு” என்கிறேன். அவனுக்காக நானும் ஒரு பொய்ச் சாட்சி சொல்கிறேன் என்பது தெரிகிறது. அவளிடம் உண்மையைச் சொல்ல இன்னும் மனம் வரவில்லை.