அம்மா வழுக்கி விழாத தரை

இழைத்த தேக்கின் வாசனை மூக்கில் ஏறினால் இப்போதும் அங்கிருந்து நழுவப் பார்ப்பேன். மற்றவர்களுக்கு அது புது வீட்டு வாசனை, கல்யாணக் கட்டில் வாசனை. எனக்கோ, இன்றைக்கு மாட்டிக்கொள்ளப் போகிறோம் என்கிற வாசனை. இரண்டாயிரத்துச் சொச்சத்தில், ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்துக்கு அப்பா மரத்தரை போட்டபோது எனக்கு ஒன்பது வயது. டைல்ஸும் மொசைக்கும் மட்டுமே பார்த்திருந்த எங்கள் தெருவில் அது பெரிய அதிசயம். துணி கொடுக்க வந்த இஸ்திரிக்கார அண்ணா வாசலிலேயே நின்று, "இன்னா சார், வூட்டுக்குள்ள அமெரிக்கா கீது!" என்றார்.

பகட்டுக்காகப் போட்ட தரை அல்ல அது. முந்தைய வருடம், ஐந்து மாதக் கர்ப்பமாக இருந்த அம்மா கூடத்து டைல்ஸில் வழுக்கி விழுந்து, பிள்ளை தங்காமல் போய்விட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அப்பா, "அந்தத் தரைதான் காரணம், சோப்பு மாதிரி வழவழன்னு இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். அங்கே தண்ணீர் எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

கொட்டியவள் நான்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்து தண்ணீர் குடித்தேன், டம்ளர் கை நழுவியது, டிவியில் எனக்குப் பிடித்த நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. விளம்பரம் போடும்போது எழுந்துபோய்த் துடைக்கலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். விளம்பரம் வருவதற்குள் அம்மா விழுந்துவிட்டாள். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. என் தப்புக்கு ஒரு தரையே திட்டு வாங்கிக்கொண்டிருந்தது, நானும் வாங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறு வருடம் அம்மா மறுபடி உண்டானாள். அப்பாவுக்குச் சந்தோஷத்தைவிட நடுக்கம்தான் அதிகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு தாம்பரத்தில் பஷீர் பாயின் மரக்கடைக்குப் போனார். மரம் விற்பதோடு தரை, கதவு எல்லாம் தானே இறங்கிச் செய்கிறவர் பாய். நாலு அங்குல அகலப் பலகைகளை அவர் எடுத்து வைக்க வைக்க, அப்பா ஒன்பது அங்குலப் பலகைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அகலப் பலகைதான் பாய் வேணும். இணைப்பு கம்மியா இருக்கும். ஒவ்வொரு இணைப்பும் கால் தடுக்கற எடம்."

"அகலமா போட்டா அது மழைக்கு ஊதும் சார், வெயிலுக்குச் சுருங்கும். அப்புறம் உங்களுக்குத்தான் பேஜாரு," என்றார் பாய். அப்பா கேட்கிற நிலையில் இல்லை.

வந்த பலகைகளை உடனே பதிக்காமல், நடுநடுவே குச்சி கொடுத்து இரண்டு வாரம் கூடத்திலேயே அடுக்கி வைத்தார் பாய். "வூட்டுக் காத்து பழகட்டும்" என்றார். பட்டப்பகலில் திடீர் திடீரென்று அந்த அடுக்கிலிருந்து "டக்" என்று ஒரு சத்தம் வரும். எனக்கு உயிரே போய்விடும். இதற்கெல்லாம் நான்தானே காரணம், அது பலகைக்குத் தெரிந்துவிட்டது என்று நினைப்பேன். சிரிக்காதீர்கள், ஒன்பது வயதில் திருட்டு முழி முழித்துக்கொண்டு ஒரு வருடம் இருந்து பார்த்தால் தெரியும்.

பதிக்கும்போது சுவரோரம் முழுக்க அரை அங்குலம் இடைவெளி விட்டார் பாய், மரம் ஊதினால் நகர்ந்துகொள்வதற்காம். மற்ற இடங்களில் சுவரோரப் பட்டை அடித்து அதை மறைத்துவிட்டார். சமையலறை வாசலில் மட்டும் அது வெளியே தெரிந்தது. அப்பா தன் சுண்டுவிரலை அதில் நுழைத்துப் பார்த்தார். "இதுல அவ கால் மாட்டினா? அடைங்க பாய்!" பாய் தாடியைச் சொறிந்துகொண்டு, "சார், சொன்னா கேளுங்க, அங்க எடம் வுடணும்" என்று இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். கடைசியில் ஒரு தேக்குத் துண்டைச் சீவி, இறுக்கமாக அடித்து அடைத்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு வீட்டில் ஒரு சட்டம் வந்தது. கூடத்தில் ஈரத்துணிகூடப் படக்கூடாது. அம்மாவுக்கு மனசு ஆறவே இல்லை. வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி "கழுவி விட்டு", அப்புறம்தான் விளக்கு. பக்கத்து வீட்டு மாமியிடம் ஒரு நாள், "வெள்ளிக்கிழமையும் அதுவுமா கழுவாத வீட்டுல விளக்கேத்தறேன் மாமி. சாமி இந்தத் தடவையாவது இந்தப் புள்ளைய எங்கிட்ட விடணுமேன்னு பயமா இருக்கு" என்று சொல்லி அழுதாள். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். போன பிள்ளை என்னால் போயிற்று, இந்தப் பிள்ளை கழுவாத தரையால் போகப் போகிறது என்று முடிவு கட்டிவிட்டேன்.

அடுத்த வெள்ளி எனக்குப் பள்ளி விடுமுறை. என்னைப் பார்த்துக்கொள்ள மாமியிடம் சொல்லிவிட்டு அப்பாவும் அம்மாவும் செக்கப்புக்குப் போனார்கள். ஒரு பிடி கல்லுப்பைக் கரைத்து இரண்டு வாளித் தண்ணீரை மரத்தரையில் ஊற்றினேன். தென்னந்துடைப்பத்தால் தேய்த்து, தண்ணீர் போகிற ஓட்டை சமையலறையில்தான் இருக்கிறது என்பதால், அவ்வளவையும் சமையலறை வாசல் வழியாகவே தள்ளினேன். பழைய துண்டுகளால் துடைத்து மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தேன். அவர்கள் வந்தபோது ஒரு பொட்டு ஈரம் இல்லை. சாமிக்கும் எனக்கும் கணக்குத் தீர்ந்தது என்று அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து வந்து பார்க்கிறேன், சமையலறை வாசலில் கடைசிப் பலகை, பொரித்த அப்பளத்தின் ஓரம் போல ஒரு விரல் உயரத்துக்கு எழும்பி நிற்கிறது. காலால் அழுத்தினேன், ஏறி நின்றேன், அசையவில்லை. அதே நேரம் படுக்கையறைக் கதவு திறந்தது. ஏழு மாத வயிறு. தன் பாதமே கண்ணில் படாமல் அம்மா காபி போட நடந்து வருகிறாள். வேறு வழி தெரியாமல் அந்தப் பலகை மேல் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"எழுந்திருடி, வழியில என்ன உட்கார்ந்துகிட்டு?"

"மாட்டேன்."

"என்னங்க, இவளப் பாருங்க!"

அப்பா வந்து கையைப் பிடித்து இழுத்தார். கதவு நிலையைக் கட்டிக்கொண்டேன். இரண்டாவது இழுப்பில் நான் சரிய, பலகை தெரிந்தது. அப்பா குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தார். "பாய் சொன்னார்... எடம் விடுங்கன்னு சொன்னார். நான்தான் கேக்கல," என்றார்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அதோடு போயிருக்கும். மறுபடியும் வேறு ஒருவர் திட்டு வாங்கியிருப்பார். எனக்குத் தாங்கவில்லை. தண்ணீர் ஊற்றிக் கழுவியது நான்தான் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை, போன வருடம் டம்ளர் தண்ணீரைக் கொட்டியதும் நான்தான் என்று அதையும் சொல்லிவிட்டேன்.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு, "ஒரு வருஷமாவாடி மனசுலயே வெச்சிருந்தே?" என்று கேட்டு, என் தலையைத் தன் மடியில் அழுத்திக்கொண்டு ஓவென்று அழுதாள். அப்பா என்னை அடிக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு பாயைக் கூப்பிடப் போய்விட்டார். நாலைந்து நாள் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

இரண்டு மாதம் கழித்துத் தம்பி நல்லபடியாகப் பிறந்தான். அந்த வீடு இப்போது இல்லை, அந்த இடத்தில் நாலு மாடி ஃபிளாட் நிற்கிறது. அகலப் பலகைகளை யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள். அப்பாவும் போய்விட்டார். தனக்கு முன்னால் ஒரு பிள்ளை வரவிருந்தது என்பதை எங்கள் வீட்டில் ஒருவரும் தம்பியிடம் சொன்னதில்லை. இதை அச்சில் பார்த்துத்தான் அவன் தெரிந்துகொள்ளப் போகிறான், படித்துவிட்டு எனக்கு ஃபோன் செய்வான். என்ன கேட்பானோ என்று இப்போதே பயமாக இருக்கிறது.