பெயர் வராத ஆட்டம்

ரூஜ் என்ற புறநகர்ப் பகுதியில் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் ஒரு சீசன் மட்டும் வாடகைக்கு இருந்தார், ஸ்கொட்லாந்திலிருந்து வந்த அந்த இளம் உதைபந்தாட்டக்காரர். செம்பட்டைத் தலை. எந்த அறைக்குள் வந்தாலும் சுவரோடு முதுகைச் சாய்த்து, வாசலைப் பார்த்தபடிதான் நிற்பார்.

“தம்பி எத்தனை கோல் அடிச்சவராம், கேளுங்கோ,” என்றாள் மனைவி.

கேட்டேன். ஒன்றுமில்லை என்று சிரித்தார். பின்வரிசையில் நின்று கோல் விழாமல் தடுப்பதுதான் அவர் வேலையாம். பிழை விட்டால்தான் வர்ணனையாளர் பெயரைச் சொல்வாராம். சொல்லாவிட்டால் அன்று நன்றாக ஆடியிருக்கிறார் என்று அர்த்தமாம்.

அதன்பிறகு ரீவியில் பெயர் வந்தாலே மனைவிக்குப் பதறும். “இஞ்சேருங்கோ, பிள்ளையின்ர பேரைச் சொல்லிப்போட்டாங்கள்.”

இப்போது அவர் வேறு நாட்டில் ஆடுகிறார். அவருடைய ஆட்டங்களைத் தேடிப் பார்க்கிறோம். முழு ஆட்டத்திலும் பெயர் காதில் விழாவிட்டால் மனைவி நிம்மதியாகத் தேநீர் போடுவாள்.

நானும் இங்கே அவர் பெயரை எழுதவில்லை.