வலது பக்கம் தட்டணும்

சிங்கப்பூர் எம்ஆர்டி ரயில் நிலையத்தின் கேட்டில் கார்டைத் தட்டும் இடம் வலது பக்கம் இருக்கிறது. என் வலது கை செத்துப்போன பிறகுதான் எனக்கு அது தெரிந்தது.

அதற்கு முன்னால் எத்தனையோ வருடம் அதே வழியாகத்தான் போய் வந்தேன். மார்சிலிங்கில் ஏறுவேன். தோபி காட் ஸ்டேஷனில் ரயில் மாறுவேன். லிட்டில் இந்தியாவில் இறங்குவேன். அங்கே ஒரு மளிகைக் கடையில் மூட்டை தூக்கும் வேலை. கேட்டை நின்று பார்த்ததே இல்லை. கை தானாகப் போகும். கேட் தானாகத் திறக்கும். மூச்சு விடுவதுபோல.

ஒரு காலையில் பல் தேய்க்கும்போது பிரஷ் கீழே விழுந்தது. எடுக்கக் கை வரவில்லை. ஸ்ட்ரோக் என்றார்கள். கால் பாதி திரும்பி வந்தது. கை வரவில்லை. தோள் மட்டும் அசையும். அதற்குக் கீழே இருப்பது யாருடைய கையோ.

கடை முதலாளி பாய் பார்க்க வந்தார். ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்தார். செருப்பு மாட்டும்போதுதான் விஷயத்துக்கு வந்தார்.

"உக்காந்து எடை போட ஒரு ஆள் வேணும்ப்பா. வெங்காயம், பருப்பு. ஒரு கை போதும். ஆனா நீயா வரணும், நீயா போகணும். வழியில விழுந்து கிழுந்து வச்சீன்னா ஒன் வீட்டம்மாவுக்கு நான் பதில் சொல்ல முடியாது."

என் மனைவி காலையிலேயே ஒரு பள்ளிக்கூடத்துக்குத் துப்புரவு வேலைக்குப் போய்விடுவாள். என்னைக் கூட்டிப்போக ஆள் இல்லை. தனியாகப் போனால் வேலை. இல்லாவிட்டால் சோபாவும் ஜன்னலும். எனக்கு ஜன்னல் போதும் போதும் என்றாகியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியும் நானும் ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்தோம். இடது கையில் ஊன்றுகோல். அதே கையின் விரல் இடுக்கில் கார்டு. கேட் முன்னால் நின்றேன். வலது பக்கம் தட்ட வேண்டும் என்றால் ஊன்றுகோலைத் தூக்கிக்கொண்டு இடது கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோக வேண்டும். தூக்கினால் விழுவேன். இடது பக்கத்திலும் அதேபோல ஒரு தட்டுகிற இடம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. எதில் தட்டினால் என்ன என்று அதில் தட்டிவிட்டேன்.

பக்கத்து கேட் திறந்தது.

அங்கே ஒரு சீனப் பாட்டி, கீரையும் காய்கறியும் வைத்த சின்ன இழுவண்டியோடு, கார்டைக் கைப்பையில் தேடிக்கொண்டிருந்தார். கேட் திறந்ததும் என்னைப் பார்த்தார். "தேங்க் யூ ஆ!" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். என் கேட் மூடியே இருந்தது. மனைவி எப்படியோ என் ஊன்றுகோலைப் பிடித்து, கார்டை வாங்கி வலது பக்கம் தட்டினாள். இப்போது சிவப்பு. நான் ஏற்கெனவே உள்ளே போய்விட்டேனாம். கேட்டின் கணக்கில் நான் உள்ளே. நான் நிற்பதோ வெளியே.

கவுன்டரில் ஒரு தமிழ்ப் பெண். கார்டை வாங்கிச் சரிசெய்தார்.

"அங்கிள், ரைட் சைடு தட்டணும் லா. லெஃப்ட்ல தட்டினா அடுத்த ஆளுக்குத்தான் திறக்கும்."

"அந்த அம்மாவுக்கு?"

"அவங்க இறங்குற எடத்துல கேட் விடாது. அங்க போய் அவங்க சண்ட போடுவாங்க. நீங்க கவலப்படாதீங்க."

கவலைப்படத்தான் செய்தேன். எந்த ஸ்டேஷனோ தெரியவில்லை. கீரை வாடியிருக்கும்.

பெரிய கேட் ஒன்று இருக்கிறது, சக்கர நாற்காலிக்கு, அதில் மெதுவாகப் போங்கள் என்றும் அந்தப் பெண் சொன்னார். அங்கேயும் தட்டும் இடம் வலது பக்கம்தான்.

"உலகத்துல எல்லாருக்கும் வலது கை இருக்குன்னு நெனச்சிக் கட்டியிருக்கான்," என்றேன்.

"வாங்க வீட்டுக்கு," என்றாள் மனைவி.

அதற்குப் பிறகு சாயங்காலம் ஆனால் ஸ்டேஷனுக்குப் போய்விடுவேன். வீட்டிலிருந்து மெல்ல நடந்தால் போய்விடலாம். கேட்டுக்கு வெளியே சுவரோரமாக ஒரு பெஞ்சு. அதில் உட்கார்ந்து பார்ப்பேன். அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். ரயில் வந்து நின்றதும் மேலேயிருந்து ஜனம் இறங்கும். தண்ணீர் திறந்துவிட்டதுபோல. அத்தனை பேரும் அந்த நாலைந்து கேட் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். ஒருவரும் நிற்பதில்லை. பீப், பீப், பீப். கேட் ஒவ்வொருவரையும் தனித்தனியாகத் தெரிந்துகொள்கிறது. இவர் தெம்பனிஸில் ஏறினார், இவர் உட்லண்ட்ஸில் ஏறினார் என்று கேட்டுக்குத் தெரியும். கார்டைப் பிளந்து பார்த்தால் என்ன இருக்கும்? பேட்டரி கிடையாது. நாக்கு கிடையாது. இருந்தும் ஏதோ சொல்கிறது, கேட் கேட்டுக்கொள்கிறது. நான் அதிகம் படிக்கவில்லை. படித்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இல்லாமல் இருக்கலாம். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

"கோயில் வாசலா இது? தெனம் வந்து உக்காந்திருக்கீங்க," என்றாள் மனைவி, வேலை முடிந்து அந்தப் பக்கமாக வந்தபோது.

"சும்மா இரு. பாக்குறேன்."

ஒரு பெண் கைப்பையையே தூக்கித் தட்டும் இடத்தின்மேல் வைத்தாள். திறந்தது. ஒருவன் கைக்கடிகாரத்தைக் காட்டினான். அதற்கும் திறந்தது. பிறகு ஒரு ஆள் வந்தான். இரண்டு கையிலும் அரிசிப் பை, எண்ணெய் டின். எதையும் கீழே வைக்கவில்லை. இடுப்பை ஒரு ஆட்டு ஆட்டி, கால்சட்டைப் பையை அதன்மேல் அழுத்தினான். பீப். திறந்தது. போய்விட்டான்.

எழுந்து நின்றுவிட்டேன்.

கேட்டுக்குக் கை வேண்டாம். கார்டு கிட்டே வந்தால் போதும். மூட்டை தூக்கியவனுக்கு இது முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். கனமான மூட்டையைக் கையால் தூக்குவதில்லை. தோளைக் கொடுத்து ஒரு வீச்சு வீசினால் அது தானாக ஏறும். என் கையும் இப்போது ஒரு மூட்டைதான். தோள் என்னுடையது.

வீட்டுக்குப் போனதும் சொன்னேன். மனைவி ஒரு துண்டுத் துணியில் கார்டு அளவுக்கு உறை தைத்தாள். என் வலது மணிக்கட்டின் உள்பக்கம் வைத்து ஒட்டும் பட்டையால் கட்டினாள். நாற்காலிமேல் பிஸ்கட் டின்னைக் கேட் உயரத்துக்கு அடுக்கி வைத்தாள். நான் தோளை வீசினேன். கை பறந்து போய் விழுந்தது. டின் உருண்டது.

"ஐயோ, தட்டச் சொன்னா அடிக்கிறீங்களே! கேட்ட ஒடச்சா யாரு கட்டுறது?"

"ஒரு கை செத்தும் இந்த வேகம் இருக்கு பாரு."

"பெருமைய பாரு," என்று டின்னை எடுத்து வைத்தாள். திரும்பி நின்று சிரித்தாள். வெகுநாள் கழித்து அவள் சிரித்தது அன்றுதான்.

வீச்சைக் குறைக்கக் கற்றுக்கொண்டேன். வீசாமல், சாய்ந்து, கையை டின்மேல் இறக்கி வைக்கப் பழகினேன்.

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போன பிறகு கிளம்பினேன். கூட்டம் குறையட்டும் என்று கொஞ்சம் காத்திருந்தேன். பெரிய கேட்டின் முன் நின்றேன். பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. வேர்த்தது. வலது தோளைச் சாய்த்தேன். கை தொங்கியபடி போய், தட்டும் இடத்தின்மேல் பொத்தென்று உட்கார்ந்தது.

பச்சை.

கேட் திறந்தது. கை உயிரோடு இருக்கிறதா என்று அது கேட்கவில்லை. நான் அசையாமல் நின்றேன். பிறகுதான் போக வேண்டும் என்ற ஞாபகம் வந்தது. இடது கால். ஊன்றுகோல். வலது காலை இழுத்தேன். பாதியில் கேட் மூடி என்னைத் தள்ளிவிடும் என்று பயந்தேன். மூடவில்லை. நான் நடுவில் நிற்பதை அது தெரிந்துகொண்டு காத்திருந்தது. இழுத்து முடித்தேன். பிறகுதான் மூடியது, மெதுவாக. ஆஸ்பத்திரியில்கூட என்னைச் சீக்கிரம் சீக்கிரம் என்றார்கள்.

ரயிலில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். தோபி காட்டில் மாறினேன், லிப்ட் பிடித்து. ஒரே ஒரு ஸ்டேஷன். லிட்டில் இந்தியா.

வெளியே போகும் கேட்டிலும் அதே வேலை. சாய்ந்தேன். இந்த முறை கை தவறி ஓரத்தில் விழுந்தது. சத்தம் இல்லை. பின்னால் இருந்த பையன் ஒருவன் "ஹெல்ப் வேணுமா அங்கிள்?" என்றான். வேண்டாம் என்று தலையசைத்தேன். இன்னொரு தடவை. பீப்.

சுரங்க ஸ்டேஷனிலிருந்து மேலே வந்ததும் மல்லிகை வாசம் வந்தது. ஊதுபத்தி, வறுத்த மசாலா. எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன.

முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார்.

"யாரு கூட்டிட்டு வந்தா?"

"யாருமில்ல பாய். கையால தட்டித்தான் வந்தேன்."

"எந்தக் கையால?"

தோளை ஆட்டினேன். வலது கை, கார்டோடு, அவர் மேசைமேல் வந்து விழுந்தது. டீ கிளாஸ் ஆடியது.

அவர் கிளாஸைத் தள்ளி வைத்தார்.

"அந்த ஸ்டூல்ல உக்காரு. வெங்காயம் வந்திருக்கு."