தேர்ட் ஹாரன் என்று தேடினால்

குமாரண்ணே, இன்றைக்கும் உன்னைத் தேடினேன். போனில் 'தேர்ட் ஹாரன்' என்று அடித்தால் அதே பெயரில் வந்த சினிமாவில் லாரி ஓட்டுகிற நடிகன்தான் முதலில் வருகிறான். அப்புறம் அந்தப் படத்துப் பாட்டுகள், அதே பாட்டுகள் இந்தியில். அதற்கும் கீழே எந்த நாட்டுப் பையன்களோ நாலு பேர் கிதாரோடு நிற்கிறார்கள், அவர்கள் குழுவுக்கும் அதே பெயராம். விரல் வலிக்கும்வரை தள்ளிப் பார்த்தேன். நீ இல்லை.

நான் எட்டாவதோடு நின்றவள். கோர்வையாக எழுத வராது. ஆனாலும் என் அண்ணனுக்கும் அந்தப் பெயரில் ஒரு குழு இருந்தது என்று எங்காவது எழுதியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

நாங்கள் கடலுக்கு நடுவே இந்தத் தீவில், புரோத்ராபூரில் இருக்கிறோம். அப்பா ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி வந்து சாத்தம் மரமில்லில் வேலை பார்த்தவர். அண்ணன் வயரிங் வேலைக்குப் போவான், வேலை இல்லாத நாளெல்லாம் பாட்டுதான். வங்காளிப் பையன் பாப்பி டிரம் அடிப்பான். கிதாருக்கும் கீபோர்டுக்கும் இரண்டு தெலுங்குப் பையன்கள். குழுவுக்குத் தமிழில் பெயர் வைத்தால் பாப்பிக்குக் கோபம், வங்காளியில் வைத்தால் மற்ற எல்லோருக்கும் கோபம். மெயின்லேண்டுக்குப் போகிற கப்பல் மூன்றாவது தடவை ஹாரன் அடித்துவிட்டால் அப்புறம் யாரும் ஏற முடியாது என்று சின்ன வயதில் நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். அதிலிருந்துதான் அண்ணன் அந்தப் பெயரை எடுத்தான். நாலு பேரும் ஒத்துக்கொண்டார்கள். அம்மாதான், "ஹாரன்னு பேரு வச்சா பாட்டும் அப்பிடித்தான்டா இருக்கும்" என்று கேலி செய்தார்.

எங்கள் வீட்டு உள்ளறையில்தான் ரெக்கார்டிங். ஜன்னலுக்கெல்லாம் போர்வை தொங்கவிட்டு, வேர்த்து ஒழுக ஒழுகப் பாடுவார்கள். "யம்மா, குக்கர் வைக்காதீங்க, விசில் பாட்டுல விழுந்துரும்" என்று அண்ணன் உள்ளேயிருந்து கத்துவான். "அப்ப பாட்டையே தின்னுங்க, எனக்கென்ன" என்பார் அம்மா. அப்படிப் போனிலேயே நாலு பாட்டு எடுத்தார்கள், நாலும் அண்ணனே கட்டியவை. பாட்டுக்குப் பெயர்கூட வைக்கவில்லை. 'தேர்ட் ஹாரன்' என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அவ்வளவுதான்.

அப்போது இங்கே நெட் என்பது பெயருக்குத்தான். ஒரு பாட்டை ஏற்ற உட்கார்ந்தால் பாதியில் நின்றுபோகும். மெயின்லேண்ட் போய்வருகிறவர்கள்தான் மெமரி கார்டு நிறையப் படமும் பாட்டும் கொண்டு வருவார்கள். ஒரு கார்டிலிருந்து இன்னொரு கார்டுக்கு என்று தெருவே ஏற்றிக்கொள்ளும். அப்படித்தான் அந்த லாரிப் படத்தின் பாட்டுகளும் எங்கள் சித்தப்பாவோடு கப்பலில் வந்தன. ஃபோல்டர் பெயரும் அதே. உள்ளே பாட்டுகளும் ஒன்று, இரண்டு என்று நம்பர்தான். பழையதை அழித்துவிட்டு இதை வைக்கவா என்று போன் கேட்டிருக்கிறது. அண்ணன் படிக்காமலே சரி என்று அமுக்கிவிட்டான். அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. புதுப் பாட்டு வந்திருக்கிறது என்று அந்த நாலு பாட்டையும் வைத்திருந்த கூட்டாளிகளின் கார்டுகளை வாங்கி அவனே எல்லாவற்றிலும் ஏற்றிக் கொடுத்தான். யார் கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாதவன்.

ஒருநாள் பாப்பி தங்கள் பாட்டைப் போட்டால் லாரிப் பாட்டு வந்தது. பாப்பி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். அண்ணன் சிரித்தான். "விடு பாப்பி. பாட்டு எங்க போச்சு, தொண்டையிலதான இருக்கு. ஃபிர் சே பாடுனா ஆச்சு."

மறுபடி பாடவே இல்லை. பாப்பி ஹேவ்லாக் தீவில் ரிசார்ட் வேலைக்குப் போய்விட்டான். மற்றவர்களும் ஆளுக்கொரு பக்கம். போன மழைக்காலத்தில் வேலை முடிந்து வரும்போது இறக்கத்து வளைவில் அண்ணனுடைய பைக் சறுக்கிவிட்டது. அன்று காலை அவனுக்குச் சோறு கட்டிக் கொடுத்தது நான். முட்டை வைக்கவில்லையா என்று கேட்டான். நாளைக்கு வைக்கிறேன் என்றேன்.

சில மாதம் கழித்து அம்மா என்னிடம் சொன்னார்: "மொகம் போட்டோவுல இருக்குடி. கொரலுதான் கொஞ்சங்கொஞ்சமா மறந்துபோவுது. ஒருக்கா கேட்டுட்டா போதும்." அன்றிலிருந்து நான் கேட்காத ஆள் இல்லை. எல்லோரும் பெட்டி பெட்டியாகத் துழாவிப் பழைய கார்டை எடுத்து வந்தார்கள். எதைப் போட்டாலும் லாரிப் பாட்டு. அண்ணன் கையால் ஏற்றிக் கொடுத்தது.

கடைசியில் பாப்பி போன் செய்தான். "ஒண்ணு கெடச்சிருக்கு. போன்ல அனுப்ப மாட்டேன். ஆன்ட்டி தனியா கேக்கக் கூடாது. கூட்டிட்டு வா."

அம்மாவுக்குப் படகு ஒத்துக்கொள்ளாது. ஹேவ்லாக் போகும்வரை முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டே வந்தார். ரிசார்ட்டுக்குப் பின்னால் வேலைக்காரர்கள் தங்கும் அறையில் எங்களை உட்காரவைத்து, பாப்பி தயங்கித் தயங்கிச் சொன்னான். "ஆன்ட்டி, நம்ம பாட்டு இல்லே இது. சினிமா பாட்டுதான். லேகின் பாடுறது குமார்." ஏதோ பூஜைப் பந்தலில் பாப்பியின் தம்பி எடுத்து வைத்திருந்த வீடியோ. இருட்டில் ஆள் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது.

"எங்க பேண்டு பேரும் இந்தப் படத்துப் பேரும் ஒண்ணு. எங்க பாட்டப் பாடுனா நீங்க எந்திரிச்சுப் போயிருவீங்க. அதனால படத்துப் பாட்டே பாடுறேன்."

கூட்டம் சிரித்தது. அண்ணன் பாடினான். இரண்டாவது சரணத்தில் வரி மறந்துவிட்டது. சிரித்துக்கொண்டே, "மறந்துபோச்சு, நீங்க பாடுங்கப்பா" என்றான். அதற்குப் பிறகு கூட்டம்தான் பாடியது, அவன் குரல் அதற்குள் போய்விட்டது.

அம்மா அழவில்லை. "பாட்டு வேணாம்ப்பா. அந்தச் சிரிப்ப மட்டும் இன்னொருக்கா போடு" என்றார். பாப்பி போட்டான். திரும்பவும் கேட்டார். திரும்பவும் போட்டான். அவனால் முடியாமல் போனை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனான். அப்புறம் நான் போட்டேன்.

அவன் கட்டிய நாலு பாட்டும் இனிக் கிடைக்காது. அவன் வைத்த பெயரை எடுத்துக்கொண்ட படத்தின் பாட்டில்தான் அவன் குரல் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. அந்தப் படத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன், இப்போது திட்ட மனசு வரவில்லை.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கோயிலோ, சர்ச்சோ, மசூதியோ, எங்கே போனாலும் என் அண்ணனுக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள். குமார் என்று மட்டும் சொல்லாதீர்கள், அந்தப் பெயரில் எத்தனையோ பேர் இருப்பார்கள். புரோத்ராபூர் குமார், பாட்டுப் பாடுகிற குமார் என்று சொல்லுங்கள். சாமியாவது அவனை வேறு யாரோ என்று நினைத்துவிடக் கூடாது.