ரிஸ்னா போன பல்கலைக்கழகமும் என் இஸ்திகாராவும்

அஸ்ஸலாமு அலைக்கும், சகோதரிகளே.

நோய் வந்தால் துஆச் செய்யச் சொல்லி நாலு பேரிடம் கேட்கலாம். கஷ்டம் வந்தாலும் கேட்கலாம். பொறாமை வந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? எனக்கு வந்தது அதுதான். அதுவும் என் சொந்த மாமி மகள்மீது.

எங்கள் வீடு அலவத்துகொடையில். ரிஸ்னா என் வாப்பாவின் தங்கை மகள், எனக்கு மச்சி முறை. வயதும் ஒன்று. பாடசாலையில் பக்கத்துப் பக்கத்துக் கதிரை, பல்கலைக்கழக விடுதியில் ஒரே அறை. படித்து முடித்ததும் எனக்குப் பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர் வேலை கிடைத்தது. அவள் கொழும்பில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தாள். இருவருக்கும் பொதுக் கொள்கையில் முதுமாணிப் பட்டம் எடுக்க வேண்டும் என்ற ஆசை. வீடு, தண்ணீர், பாதை, பாடசாலை என்று அரசாங்கம் எடுக்கிற முடிவுகளை எப்படி ஆராய்ந்து எடுப்பது என்று சொல்லித்தரும் படிப்பு அது. இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு இருவரும் ஒன்றாக உட்கார்ந்து விண்ணப்பித்தோம். இருவருக்கும் இடம் கிடைத்தது. புலமைப்பரிசில் இருவருக்குமே கிடைக்கவில்லை.

ரிஸ்னாவின் வாப்பா, என் மாமாவுக்கு அக்குறணையில் இரும்புக் கடை, கண்டி டவுனில் இன்னொன்று. அவர் மகளுக்குக் கட்டணம் கட்டினார். என் வாப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். என் இடத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்கும்படி நான் அந்தப் பல்கலைக்கழகத்திடம் கேட்டுக்கொண்டேன்.

ரிஸ்னா பயணம் போன அன்று மாமி வீடு நிறையச் சொந்தக்காரர்கள். வட்டிலப்பம் பரிமாறியது நான். எல்லோரும் அவளைக் கட்டிப்பிடித்து, "மாஷா அல்லாஹ்" என்றார்கள். நானும் சொன்னேன். வாய்தான் சொன்னது. மாமா வாங்கிக்கொடுத்த குளிர் கோட்டைப் போட்டுக் காட்டினாள். தோள் பக்கம் தொளதொளவென்று இருந்தது. அதைக் கண்டு எனக்குள் சின்னதாக ஒரு சந்தோஷம். அவ்வளவு கீழே இறங்கியிருந்தேன்.

அதற்குப் பிறகு அவள் போடுகிற ஒவ்வொரு படத்தையும் பார்ப்பேன். பார்த்தது அவளுக்குத் தெரியாதபடி போனில் அமைப்பை மாற்றிவைத்துக்கொண்டு பார்ப்பேன். நூலகம், சிவந்த இலைகள், பல நாட்டுப் பிள்ளைகளோடு சிரித்துக்கொண்டு அவள். ஒரு படத்தில் கையில் கோப்பிக் கோப்பை. அந்தக் கோப்பையைப் பார்த்துக்கூட எனக்கு எரிந்தது. அலுவலகத்தில் கோவைகளில் தாள்களைப் புரட்டும்போது, "நான்தானே அவளுக்குப் புள்ளிவிவரப் பாடம் சொல்லிக்கொடுத்தேன்" என்று மனம் திரும்பத் திரும்ப முணுமுணுக்கும்.

எனக்கு வேறு வழி இல்லாமலில்லை. மலேசியாவில் ஒரு பல்கலைக்கழகம் பாதிக் கட்டணத்தில் இடம் தந்திருந்தது. கொழும்பில் அரச ஊழியர்களுக்கென்றே ஒரு வார இறுதிப் படிப்பும் இருந்தது. வேலையை விடத் தேவையில்லை, கட்டணத்தைத் தவணையில் கட்டலாம். இரண்டையும் பற்றி வீட்டில் மூச்சு விடவில்லை. அவள் விமானத்தில் போவாள், நான் சனிக்கிழமை கொழும்பு பஸ்ஸில் நின்றுகொண்டு போவதா?

கலகெதரப் பக்கம் வாப்பாவுக்கு ஒரு காணி இருக்கிறது. மிளகும் கராம்பும் போட்ட காணி. அதை விற்கலாம் என்று பேச்சை எடுத்ததே நான்தான்.

"அதையும் வித்துட்டு நாங்க எனத்தத் தின்ற?" என்று உம்மா கேட்டார்.

"புள்ள படிச்சிட்டு வந்தா எல்லாம் சரியாகும். நீங்க சும்மா ஈங்க" என்றார் வாப்பா. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனார்.

உம்மா என்னை இஸ்திகாரா தொழச் சொன்னார். ஒரு காரியத்தில் எது நல்லதென்று தெரியாதபோது, முடிவை அல்லாஹ்விடம் ஒப்படைத்துத் தொழுவதுதானே இஸ்திகாரா. தொழுதேன். ஆனால் மனதுக்குள் பெட்டி கட்டி முடித்துவிட்டுத் தொழுதேன். ஒரே ஒரு பதிலை வைத்துக்கொண்டு, அதற்கு ஆமாம் போடும்படி ரப்பிடம் கேட்டேன்.

கலகெதர வியாபாரி ஒருவர் காணியை எடுப்பதாகச் சொன்னார். முற்பணம் தருவதாக இருந்த அன்று, லொறி போகப் பாதை போதாது, வேண்டாம் என்று ஆளனுப்பிவிட்டார். வாப்பாவின் முகத்தில் ஒரு நிம்மதி வந்துபோனது. அதைக் கண்டதும் எனக்கு ஆத்திரம் பொங்கியது. "உங்க எல்லாருக்கும் இப்ப சந்தோஷம்தானே!" என்று கத்தினேன். உம்மா அழுதார்.

அன்று அஸர் தொழுதுவிட்டு, தொழுத விரிப்பான முஸல்லாவிலேயே இருந்தேன். பக்கத்தில் போன் மின்னியது. ரிஸ்னா பனியில் நிற்கும் படம். பரீட்சை நெருங்குகிறது, துஆச் செய்யுங்கள் என்று கீழே எழுதியிருந்தாள். அவள் பெயிலாக வேண்டும் என்று என் மனம் நினைத்தது. தொழுத இடத்தில், தஸ்பீஹ் மணி கையில் இருக்கும்போதே நினைத்தது.

இதுவா நான்? ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவளுக்கு இதையா நினைக்கிறேன்?

நெற்றி நிலத்தில் பட ஸுஜூதில் விழுந்து அழுதேன். "யா அல்லாஹ், எனக்கு நல்லது எது என்று நான் உன்னிடம் கேட்கவே இல்லை. அவளிடம் இருப்பதைத்தான் கேட்டேன். இந்த நெருப்பை என் நெஞ்சிலிருந்து எடுத்துவிடு. எனக்கு எது நல்லதோ அதைத் தா. அதை நான் பொருந்திக்கொள்ளும் மனதையும் தா." பிறகு ரிஸ்னாவின் பெயரைச் சொல்லி, அவள் பாஸாக வேண்டும் என்று கேட்டேன். நாக்கு புரள மறுத்தது. மறுபடி மறுபடி கேட்டேன். அதற்குப் பிறகு தினமும் கேட்டேன்.

சில நாள் கழித்து, அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரம் ரிஸ்னா அழைத்தாள். அவள் போன பிறகு நான் ஒருநாளும் அவளுக்கு அழைத்ததில்லை.

"மச்சி, காணி விக்கிற கதைய உம்மா சொன்னாங்க. ஒண்டு கேக்கிறேன், கோவிக்காதே. நீ படிச்சிட்டு இங்கயே நிக்கவா போற?"

"இல்ல. ஊருக்குத்தான் வாரது."

"வந்து?"

"எங்கட ஆபீஸ் வேலைதான். மண்சரிவுக்குப் பயந்து மலையில ஈக்கிற சனங்களுக்கு ஒழுங்கா ஒரு இடம் குடுக்கிற திட்டம் செய்யணும்."

"அப்ப ஏன் எங்கட கோர்ஸ்?"

நீ அங்கே இருக்கிறாய் என்பதைத் தவிர வேறு காரணமே இல்லை. அதை எப்படி வாயால் சொல்வது?

அவளே தொடர்ந்தாள். "எனக்கு இங்க வேலை தேடுற எண்ணம். அதுக்கு இந்தப் படிப்புச் சரி. உனக்காக இங்க படிச்சிட்டு ஊருக்குத் திரும்பின ரெண்டு பேர்கிட்ட கேட்டுப் பாத்தேன். அரசாங்கத்துல மேல போக இந்தப் பட்டம்தான் வேணும் எண்டு இல்லையாம். கடனோட வந்து, அத அடைக்கக் கம்பெனி வேலைக்குப் பெய்த்தாங்களாம். கொழும்புல உங்களுக்கெண்டு ஒரு கோர்ஸ் ஈக்கிதே, அதப் பாத்தியா?"

நான் அவளைப் பார்த்து எரிந்துகொண்டிருந்த நாட்களில் அவள் எனக்காக விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அலுவலகம் என்றும் பாராமல் அழுதேன். "ஏன்டி அழுற?" என்று அவள் பதறினாள். "ஒண்டுமில்ல, தடிமன், மூக்கு ஒழுகுது" என்றேன். அழுது முடித்தபோது நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியிருந்தது. நான் கேட்ட துஆவுக்குப் பதில் வந்துவிட்டது என்று அப்போதே எனக்குத் தெரிந்தது. அதை அவள் வாயாலேயே வர வைத்தான் என் ரப்பு.

அன்று மாலை உம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். வாப்பாவோடு உட்கார்ந்து மூன்று படிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எதற்கு என்ன செலவு, முடித்தால் என்ன வேலை, வேலையை விட வேண்டுமா என்று நேர்மையாகப் பார்த்தபோது முடிவெடுக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. கொழும்புப் படிப்பில் சேர்ந்தேன். அந்த வருடம் மிளகுக்கு நல்ல விலை. விற்காமல் தப்பிய காணியே என் கட்டணத்தில் பாதியைக் கட்டியது, அல்ஹம்துலில்லாஹ்.

சனிக்கிழமைப் பயணம் லேசாக இருக்கவில்லை. கடுகண்ணாவ வளைவுகளில் எத்தனை முறை வாந்தி எடுத்திருப்பேன்! ஆனால் என்னோடு படித்தவர்கள் நாடு முழுவதும் அலுவலகங்களில் இருப்பவர்கள். பாடம் எடுத்தவர்களில் சிலர் அமைச்சுகளில் வேலை செய்தவர்கள். மலைச்சரிவில் வாழும் குடும்பங்களைப் பற்றி நான் எழுதிய ஆய்வை ஒருவர் வாசித்துவிட்டு, மாகாணத் திட்டமிடல் பிரிவுக்கு என்னைச் சிபாரிசு செய்தார். இன்று அங்கேதான் வேலை செய்கிறேன். போன மாதம், பயந்து பயந்து குடியிருந்த சில குடும்பங்களுக்குப் புது இடத்தில் காணி உறுதிப் பத்திரம் கையளித்தோம். ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

ரிஸ்னா முதல் தரத்தில் பாஸாகி அங்கேயே நல்ல வேலையில் இருக்கிறாள். பொறாமை முழுக்கப் போய்விட்டது என்று உங்கள் முன்னால் பொய் சொல்ல மாட்டேன். சில நாள் எட்டிப்பார்க்கும். வந்தால் உடனே அவளுக்கு அழைத்துப் பேசிவிடுவேன். பேசினால் அது தங்குவதில்லை.

சகோதரிகளே, உங்களில் யாராவது படிப்பா, வேலையா, திருமணமா என்று தவித்துக்கொண்டிருந்தால், முடிவை முதலிலேயே எடுத்துவைத்துக்கொண்டு கையேந்தாதீர்கள். வெறுங்கையை ஏந்துங்கள். யாரைப் பார்த்து மனம் எரிகிறதோ, அவர் பெயரைச் சொல்லி நல்லதைக் கேளுங்கள். முதல் தடவை தொண்டையில் சிக்கும். விடாமல் கேளுங்கள். அந்த நல்லதை அவரிடமே கொடுத்து உங்கள் வீட்டு வாசலுக்கு அனுப்ப என் ரப்புக்கு முடியும். எனக்கு அனுப்பினான்.