சளி டப்பாவில் கருப்பட்டி

இருமல் சத்தம் கேட்டால் ஊரே விலகிப் போகும். அதைத் தேடிப் போவதுதான் எங்கள் காசநோய்க் களப்பணி. வீட்டில் கைப்பிள்ளையை விட்டுவிட்டு இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு என் பயம் சொல்லாமலே புரியும். சாயங்காலம் வந்ததும் நேரே குளியலறைதான். நான் படித்த கான்வென்ட்டில் நகம் பார்த்து வகுப்புக்குள் விட்ட பழக்கம் வேறு. நான் தலைக்கு ஊற்றி முடிக்கும்வரை மகள் கதவைத் தட்டித் தட்டி அழுவாள்.

வெறும் ஏனம்

மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் ஜொகரா அக்காவுக்கு விடாத இருமல். பரிசோதனைக்குக் காலையில் சளி எடுத்துவைக்கச் சொல்லி, மூடி போட்ட டப்பாவைக் கொடுத்திருந்தேன். மறுநாள் டப்பா சோப்பு மணத்தோடு வந்தது. உள்ளே நுணுக்கிய உடன்குடிக் கருப்பட்டி.

"சளி எங்கக்கா?"

"பாக்கச் சகிக்கல, கழுவிட்டேன். அதுக்காவ ஒருத்தர் குடுத்த ஏனத்த வெறும் ஏனமாவா திருப்பிக் குடுக்கது, சிஸ்டர்?"

தையல் டீச்சர்

அடுத்த டப்பாவில் காசநோய் உறுதியானது. விஷயம் வெளியே தெரிந்தால் தன் மகள் கல்யாணம் நின்றுவிடும் என்று, அக்கா தெருவில் என்னைத் தையல் டீச்சர் ஆக்கிவிட்டார். எனக்குப் பொத்தான்கூடத் தைக்க வராது. மாத்திரைப் பையோடு போய்க்கொண்டிருந்த என்னை எதிர்வீட்டம்மா வழிமறித்தார்.

"உங்கட்ட குடுக்கச் சொல்லி அக்காட்ட துணி குடுத்து எவ்வளவு நாளாச்சு! என் ஜாக்கெட்ட எப்பதான் தைச்சுத் தருவீய டீச்சர்?"

என் வீட்டு இருமல்

ஒருநாள் என் மகளே இருமினாள். காய்ச்சல்; விலா உள்வாங்க மூச்சு. ஊருக்கெல்லாம் "பயப்படாதீங்க" என்று சொல்கிற நான் அவளை அள்ளிக்கொண்டு ஓடினேன். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் "டிபியா, டிபியா?" என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, டிபி இல்லை, நிமோனியா, சீக்கிரம் கொண்டுவந்ததால் மருந்தில் சரியாகிவிடும் என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"நிமோனியான்னு சொன்னதுக்குச் சிரிச்ச ஒரே தாய் நீங்கதாம்மா."

கடைசி மாத்திரை

ஜொகரா அக்கா மருந்தை முடித்தார். சளியில் கிருமி இல்லை என்று படித்துச் சொன்னதே நான்தான். அன்று மகளும் தேறி, தடுப்பூசிக்காக என் இடுப்பில் சுகாதார நிலையத்துக்கு வந்திருந்தாள். அக்கா கையை நீட்டினார். மகள் தாவினாள். என் கைதான் விடவில்லை.

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. நீட்டிய கையை மடக்காமல் சிரித்தார்.

"பயந்தா பையப் பையத் தா, சிஸ்டர். நானும் பயந்து பயந்துதான ஒவ்வொரு மாத்திரையா முழுங்குனேன்."

மெதுவாகத்தான், ஆனாலும் மகளைக் கொடுத்துவிட்டேன்; இந்த வேலையில் இனி எனக்கு மிச்சமிருக்கும் ஒரே பயம் அந்த எதிர்வீட்டு ஜாக்கெட்தான்.