பின்சீட்டை அறுத்த ஃபிரேம்காரர்

ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் வண்டியைக் கண்டால் சிலருக்குக் கை அரிக்கும். எங்கள் கீழ்வீட்டு ஃபிரேம்காரர் அந்த ரகம். கடைத்தெருவில் போட்டோக்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கிறார். குடும்பப் படமோ, பட்டச் சான்றிதழோ, எதைக் கொடுத்தாலும் முதலில் டேப்பை இழுப்பார். ஒரு நூல் பிசகினால் அன்று அவருக்குச் சோறு இறங்காது. மனிதர் கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லை. கெட்டவர் என்றால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

அவர் மனைவி ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறார். தெருவுக்கே அவர் 'லேப் அக்கா'. கூடத்தை நடத்தும் டாக்டரம்மா போன வருடம்தான் கதவுச் சாவியை நம்பி அவரிடம் கொடுத்தார். அங்கே சாவி யார் கையிலோ, அவர்தான் பொறுப்பாளர். அந்த இடத்துக்கு வர அக்கா பல வருடம் நின்றே வேலை பார்த்திருக்கிறார். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருபவர்கள் விடிந்தும் விடியாமலும் வாசலில் வந்து நிற்பார்கள். காபிகூடக் குடிக்காத பத்துப் பேரைப் பூட்டிய கதவுக்கு முன்னால் நிறுத்திவைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் நேரம் தப்பிவிடும். அதனால் ஃபிரேம்காரர்தான் தன் பழைய மோட்டார் சைக்கிளில் மனைவியைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவார்.

இப்படி ஒரு குறையும் இல்லாமல் நாட்கள் போனால் மனிதனுக்குத் தூக்கம் எப்படி வரும்? செல்போனில் யாரோ சேற்றில் வண்டியோடு பறப்பதைப் பார்த்தார். கல்குவாரிக்குப் பின்னால் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்படிப் பறக்கிறார்கள் என்றும் கேள்விப்பட்டார். போதாதா?

"நம்ம வண்டியையே மண் வண்டியா மாத்திடலாம். இஞ்சின் தங்கம்" என்றார்.

"தங்கத்தைப் பூட்டித்தான் வைப்பாங்க. உடைப்பாங்களா?" என்றார் அக்கா.

"உடைக்கல, கழட்டறேன்."

"அப்ப நான் எதுல போறது?"

"உனக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, பாரேன்."

கழற்றினார். இண்டிகேட்டர், கண்ணாடி, செயின் மூடி, பின்னால் பிடித்துக்கொள்ளும் கம்பி, எல்லாம் மாடிப்படிக்குக் கீழே குவிந்தன. மாடியில் இருக்கும் நாங்கள் ஒவ்வொரு தடவையும் அந்தக் குவியலில் முழங்காலை இடித்துக்கொண்டுதான் இறங்கினோம். பழைய இரும்புக் கடையிலிருந்து நீளமான முன் ஃபோர்க் வந்தது. பின்னால் உயரமான ஷாக் அப்சார்பர். சைலன்சர் தூக்கிக் கட்டப்பட்டது. கட்டை கட்டையாகப் பல் வைத்த பட்டன் டயர்கள் வந்தன. கடைசியில், பின்சீட்டைத் தாங்கும் சட்டத்தை அறுக்க வெல்டரைக் கூட்டிவந்தார்.

வெல்டருக்கு மனசு கேட்கவில்லை. "அண்ணே, இதை அறுத்துட்டா அக்கா எங்க உக்காருவாங்க?"

"அதை அப்புறம் பாத்துக்கலாம். எடை குறையணும்பா."

"எடை குறையணும்னா ராத்திரி சாப்பாட்டைக் குறைங்கண்ணே. இரும்பு என்ன பாவம் பண்ணுச்சு?"

அறுத்தாயிற்று. எல்லாம் முடிந்து வண்டியைத் தெருவில் கொண்டுவந்து நிறுத்தியபோது, சும்மா சொல்லக்கூடாது, மிரட்டலாகத்தான் இருந்தது. ஒரு போல்ட் கோணல் இல்லை. தெருவே கூடி நிற்க, ஃபிரேம்காரர் காலைத் தூக்கிப் போட்டு ஏறினார். ஏறியவருக்கு இரண்டு காலும் அந்தரத்தில் தொங்கின. வலது பக்கம் சாய்ந்து பார்த்தார், தரை அகப்படவில்லை. எதிர்வீட்டுப் பூந்தொட்டிகள் அகப்பட்டன.

ஃபோர்க்கை அளந்தார், ஷாக்கை அளந்தார், ஹேண்டில்பாரைக்கூட இரண்டு தடவை அளந்தார். தன் காலை அளக்கவில்லை. அவரைக் குற்றம் சொல்லியும் பயனில்லை, தொழில் அப்படி. ஃபிரேம்காரர் படத்தை அளப்பார். சுவரில் இடம் இருக்கிறதா என்பது வாங்கிப் போகிறவர் பாடு.

அதன் பிறகு அவர் வண்டியை நடைபாதை ஓரமாகவே ஓட்டினார். சிக்னல் விழுந்தால் கால் ஊன்ற மேடு வேண்டுமே! மேடு இல்லாத இடத்தில் பச்சை விழும்வரை வட்டமடித்தார். குவாரிக்குப் போகும் பேச்சையே காணோம். அங்கே சமதரையில் நின்றுதான் கிளம்ப வேண்டுமாம். சேற்றில் பறக்கப் பிறந்த வண்டி தார்ச்சாலையில் பட்டன் டயர் ஊளையிட, ஓரம் ஓரமாக ஊர்ந்தது.

அக்கா பஸ்ஸில் போனார். போய்ச் சேரும்போது வாசலில் பசித்த கூட்டம் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. ஒரு வாரம் பொறுத்த டாக்டரம்மா கூப்பிட்டு, "இன்னொரு தடவை கதவு சாத்தியிருந்தா சாவியைப் புதுசா சேர்ந்திருக்கிற பொண்ணுகிட்ட குடுத்துடு" என்று சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் கீழ்வீட்டுப் பேச்சு எங்களுக்குத் தெளிவாகவே கேட்டது. காதைப் பொத்திக்கொள்ளும் பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை.

"வெல்டர் வெளியூர் போயிருக்கான்மா. வந்ததும் சீட்டை ஒட்டிடலாம்."

"அதுவரைக்கும் ஜனங்க பட்டினி கிடக்கணுமா?"

"அதுக்கு நான் என்ன பண்ண?"

சாவி மேஜையில் 'ணங்'கென்று விழுந்தது. "நாளைக்கு நீங்க போய்த் திறங்க."

"நானா? எனக்கு ஊசின்னாலே மயக்கம் வரும்!"

"ஊசி போடச் சொல்லலீங்க. கதவைத் திறந்து, லைட்டைப் போட்டு, வந்தவங்களுக்கு டோக்கன் குடுங்க. பின்னாலயே நான் பஸ்ல வந்துடறேன்."

"என் கடை?"

"அது பத்து மணிக்குத்தானே? போட்டோவுக்குப் பசிக்கவா போகுது!"

மறுநாள் ஃபிரேம்காரர் கூடத்து வாசற்படியில் இடது காலை ஊன்றி வண்டியை நிறுத்தினார். நல்லவேளை, படி தோதான உயரம். கதவைத் திறந்ததுமே ஒரு பெரியவர் சட்டைக் கையை மடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"எடுப்பா சீக்கிரம். தலை சுத்துது."

"ஐயா, நான் கதவு திறக்கிற ஆளு."

"நேத்து திறக்கவே ஆளில்ல. இன்னிக்குத் திறக்க மட்டும் ஆளு. ஊசி எப்ப வரும், அடுத்த மாசமா?"

"முதல்ல அந்த ஹெல்மெட்டைக் கழட்டுங்க" என்றார் ஒரு அம்மா. "ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாலயே பயமா இருக்கு."

கழற்றினார். டோக்கன் கொடுத்தார். கை சும்மா இருக்குமா? நாற்காலிகளை நூல் பிடித்த மாதிரி வரிசையாகப் போட்டார். 'வெறும் வயிற்றில் வரவும்' என்ற பலகை கோணலாகத் தொங்குவது கண்ணை உறுத்த, டேப்பை எடுத்து அளந்து நேராக்கினார். பெரியவர் முணுமுணுத்தபடியே பலகையின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தார். அக்கா வந்து கையுறை மாட்டும்போது யாரும் யாரையும் திட்டிக்கொண்டிருக்கவில்லை.

டாக்டரம்மா வந்து பார்த்தார். "யாரு இவர்?"

"எங்க வீட்டுக்காரர்தான், டாக்டரம்மா."

"தினமும் வரச் சொல்லு. உன் சாவி உன்கிட்டயே இருக்கட்டும்."

தினமும் என்றால் ஞாயிறும் சேர்த்துத்தான். கூடம் அன்றும் மதியம்வரை திறந்திருக்கும். குவாரிக்காரர்கள் மதியத்துக்குள் பறந்து முடித்து வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

வெல்டர் ஊர் திரும்பிய அன்றே ஃபிரேம்காரர் அவரைக் கையோடு இழுத்துவந்தார். பின்சட்டம் ஒட்டப்பட்டது. பழைய ஷாக், பழைய ஃபோர்க், புது உறை போட்ட பின்சீட்டு. கால் வைக்கும் கட்டையைக்கூட மனைவியின் செருப்பை வைத்து அளந்து மாட்டினார். மறுநாள் காலை வண்டியை வாசலில் நிறுத்தி, கைக்குட்டையால் சீட்டைத் துடைத்துவிட்டு, "ஏறும்மா, போலாம்" என்றார்.

லேப் அக்கா படியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். பல வருடங்களாக அந்த நேரத்தில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"பஸ்ல ஜன்னலோரம் இடம் கிடைக்குதுங்க. போற வழியில ஒரு தூக்கமும் போட்டுக்கறேன்" என்று சாவியை எடுத்து நீட்டினார். "நேரமாச்சு, கிளம்புங்க. அங்க பசியோட நிப்பாங்க."